பதினெட்டுக் குப்பங்களின் கணக்கு

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில், சுமத்திராத் தீவின் மேற்குக் கரையோரம் கடலடியில் நிகழ்ந்த பெரும் பூகம்பத்திலிருந்து புறப்பட்ட ஆழிப்பேரலை, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்து கடலூர்க் கரையில் மோதியபோது, அது எல்லாக் குப்பங்களையும் ஒரேவிதமாக நடத்தவில்லை என்பதை அன்று மாலைக்குள்ளாகவே ஜனங்கள் கண்டுகொண்டார்கள். மஞ்சக்குப்பத்து ஆட்சியர் அலுவலகத்துக்குக் கிழக்கே, நடந்து போகும் தூரத்தில் உள்ள தேவனாம்பட்டினம் தொடங்கி, தெற்கே கொள்ளிடம் கடலோடு கலக்கும் இடம் வரையில், மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே மணல்திட்டின்மேல் அமைந்திருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆகிய குடியிருப்புகள் அடியோடு அழிந்தன. அவற்றுக்குச் சற்று உள்ளே, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் பின்புறம் இருந்த ஊர்களிலோ, கழிகளின் வழியே ஏறி வந்த தண்ணீர் வேகம் அடங்கிப் பெரிய சேதமின்றித் திரும்பிற்று.

இந்த வித்தியாசம் எதனால் விளைந்தது என்ற கேள்வி எழுந்த இடத்துக்கு அருகிலேயே அதை ஆராயத் தகுதி வாய்ந்த நிலையம் ஒன்றும் இருந்தது. பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் கரையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் பல பத்தாண்டுகளாகக் கழிமுகங்களையும் அலையாத்திக் காடுகளையும் ஆராய்ந்து வருகிறது. அங்கே அலையாத்தி மரங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகப் பிரசித்தி பெற்ற கே. கதிரேசனும், அவரோடு என். ராஜேந்திரனும், பரங்கிப்பேட்டைக் கரையை ஒட்டிய 18 குப்பங்களுக்குரிய விவரங்களைத் திரட்டினார்கள். ஒவ்வொரு குப்பமும் கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கடல்மட்டத்துக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதற்கும் கடலுக்கும் இடையே எவ்வளவு பரப்பில் மரஞ்செடிகள் நிற்கின்றன, அங்கே எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு பொருள் நஷ்டமாயிற்று என்பவையே அந்த விவரங்கள். 2005ஆம் ஆண்டில், கழிமுகங்களையும் கரைக்கடலையும் பற்றிய ஒரு சர்வதேச விஞ்ஞானப் பத்திரிகையில் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது. தாவரப் பரப்பும், கடலிலிருந்துள்ள தூரமும், நிலத்தின் உயரமும் கூடக்கூட மரணமும் நஷ்டமும் குறைந்தன என்றும், ஆகவே இனிக் குடியிருப்புகளைக் கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்கு அப்பால், மேடான இடங்களில், அடர்ந்த அலையாத்திக் காடுகளுக்கோ வேறு கரையோரத் தாவரங்களுக்கோ பின்னால் அமைப்பது நல்லதென்றும் அவர்கள் முடிவு கூறினார்கள்.

அதே ஆண்டில், அமெரிக்காவிலிருந்து வெளியாகும் ‘சயன்ஸ்’ என்னும் புகழ்பெற்ற வாரப் பத்திரிகையும், டேனியல்சன் என்பவரும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து இதே கடலூர் மாவட்டக் கரையைச் செயற்கைக்கோள் படங்களின் உதவியால் ஆராய்ந்து எழுதிய ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டது. அலைக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட படங்களை ஒப்பிட்ட அவர்கள், ஆய்வுப் பிரதேசத்தின் தென்பகுதியிலிருந்த ஐந்து ஊர்களில் கரைமேல் இருந்த இரண்டும் முற்றிலும் அழிந்தனவென்றும், காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்றும் அழிவின்றித் தப்பினவென்றும் எடுத்துக் காட்டினார்கள். துயரத்தில் மூழ்கியிருந்த உலகுக்கு இச்செய்தி பெரிய ஆறுதலாக வந்தது. மரம் உயிர் காக்கும் என்பது நம் நெஞ்சுக்கு உவப்பான கொள்கை. அதற்கு இப்போது கணிதத்தின் சாட்சியமும் கிடைத்துவிட்டதென்று பத்திரிகைகளும் அரசாங்கங்களும் தொண்டு ஸ்தாபனங்களும் மகிழ்ந்தன.

இந்த இடத்தில் வாசகர் சற்றே நிற்க வேண்டும். பரங்கிப்பேட்டை ஆசிரியர்கள் தங்கள் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், எந்த எண்களிலிருந்து அந்த முடிவு பிறந்ததோ அந்த எண்களையும், ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு வரியாக, கட்டுரையிலேயே கொடுத்திருந்தார்கள். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு காரியத்தின் பெருமையைப் பற்றியதே. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் மிகப் பல, முடிவைக் கூறி, சராசரியைக் கூறி, ஒரு படத்தையும் வரைந்து காட்டி, மூல விவரங்களை ஆசிரியரின் மேசை அறைக்குள்ளேயே விட்டுவிடுகின்றன. அவற்றை நம்புவதாயின் ஆசிரியரை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அட்டவணையை அச்சிட்டவரோ, முன்பின் அறியாத ஒருவரிடத்தில், கடல் கடந்த ஊரில் இருப்பவரிடத்தில், தம்மோடு மாறுபடப் போகிறவரிடத்திலுங்கூட, இதோ என் கணக்கு, நீரும் போட்டுப் பாரும் என்று சொல்லிவிடுகிறார்.

போட்டுப் பார்த்தவர்களும் வந்தார்கள். அலெக்சாண்டர் கெர், ஆண்ட்ரூ பேர்ட், ஸ்டூவர்ட் காம்ப்பெல் என்னும் மூவர், பசிபிக் கடலின் குவாம் தீவு, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா என்று வெவ்வேறிடங்களில் பணியாற்றிய கடல் விஞ்ஞானிகள், 2006இல் அதே பத்திரிகையில் ஒரு மறுப்பு எழுதினார்கள். அவர்கள் பரங்கிப்பேட்டைக்கு வந்து புதிதாக எதையும் அளக்கவில்லை. அச்சிலிருந்த 18 வரிகளையே எடுத்துக்கொண்டு வேறொரு முறையில் கணக்கிட்டார்கள். தூரமும் உயரமும் சமமாக உள்ள குப்பங்களை ஒப்பிட்டால், தாவரப் பரப்பின் ஏற்றத்தாழ்வு மரணத்தில் எந்த மாறுதலையும் உண்டாக்கியதாகத் தெரியவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஒரே எண்களிலிருந்து இரண்டு முடிவுகள் எப்படி வரும் என்று திகைப்பவர்களுக்காக, இதைச் சிறிது விரித்துச் சொல்லுகிறேன். உதாரணத்துக்காக இரண்டு குப்பங்களைக் கற்பித்துக்கொள்வோம். ஒன்று கடலிலிருந்து 100 மீட்டரில், கடல்மட்டத்துக்கு அரை மீட்டர் உயரத்தில், வெற்று மணலில் இருக்கிறது. மற்றொன்று 2 கிலோமீட்டர் உள்ளே, 4 மீட்டர் மேட்டில், முன்னே அடர்ந்த காட்டோடு இருக்கிறது. முதலாவதில் பலர் இறந்தனர்; இரண்டாவதில் ஒருவரும் இறக்கவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மரம் இருந்த இடத்தில் சாவு இல்லை என்று எழுதினால், எழுதியது பொய்யல்ல. ஆனால் மேடு இருந்த இடத்தில் சாவு இல்லை என்றும், தொலைவாக இருந்த இடத்தில் சாவு இல்லை என்றும் அதே நியாயத்தோடு எழுதலாம். மூன்று காரணங்களும் சேர்ந்தே நடமாடும்போது அவற்றுள் எது காரியத்தைச் செய்தது என்பதை அறிய வேண்டுமானால், தூரத்திலும் உயரத்திலும் ஒத்திருந்து மரத்தில் மட்டும் வேறுபடும் குப்பங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். அல்லது அத்தகைய ஒப்பீட்டைக் கணிதத்தின் மூலமாகச் செய்ய வேண்டும். 18 குப்பங்களில் அப்படி ஒத்து வருபவை எத்தனை இருந்துவிடப் போகின்றன?

இந்தக் கரையின் பூகோளத்தை நேரில் கண்டவர்களுக்கு இச்சிக்கல் இன்னும் நன்றாக விளங்கும். சுரபுன்னையும் கண்டலும் தில்லையும் அலை அடிக்கும் திறந்த மணலில் முளைப்பதில்லை. கடலுக்கு இணையாக ஒரு மணல்திட்டு நீண்டு கிடந்து, அதற்குப் பின்னே ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து சாந்தமாகத் தேங்கி நிற்கும் உப்பங்கழியில், சேறு படியும் இடத்தில்தான் அவை வேரூன்றும். பிச்சாவரத்துக் கழிகளில் ஓடம் விட்டுப் போனவர்கள், தாங்குவேர்கள் வளைந்து இறங்கும் அந்தச் சேற்றையும், அதற்குக் கிழக்கே வெள்ளைக் கோடாகத் தெரியும் மணல்திட்டையும் கண்டிருப்பார்கள். ஆகவே அந்தக் காட்டுக்குப் பின்னால் இருக்கும் எந்த ஊரும், காட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்பதனாலேயே, திறந்த கடலுக்கு வெகு தூரத்திலும், ஒரு திட்டுக்குப் பின்னாலும், அகன்ற கழிக்கு அப்பாலும் இருக்கிறது. அலையின் வலுவைக் காடு ஒடுக்கிற்றா, தூரம் ஒடுக்கிற்றா, திட்டு ஒடுக்கிற்றா, கழியின் அகலம் உள்வாங்கிக் கொண்டதா என்று பிரித்துச் சொல்வது, அந்த இடத்தை நன்கு அறிந்தவர்களுக்கே அதிகக் கடினமாக இருக்கும். போதாக்குறைக்கு, அடுத்தடுத்த இரண்டு குப்பங்கள் ஒரே கடலடிச் சரிவின்மேல், ஒரே திசையிலிருந்து வந்த அலையை எதிர்கொண்டிருப்பதால், அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாகக் கொள்வதும் முழுவதும் சரியாகாது.

கதிரேசனும் ராஜேந்திரனும் பதில் எழுதினார்கள். பிறகு நெதர்லாந்தைச் சேர்ந்த வெர்மாட் என்பவரும் தாய்லாந்தைச் சேர்ந்த தம்பன்யா என்பவரும் மறுபடி அதே 18 வரிகளை எடுத்து, மூன்றாவது முறையாகக் கணக்கிட்டு, காட்டுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு மரணமும் நஷ்டமும் குறைவே என்று முதலாசிரியர்களின் பக்கமாகத் தீர்ப்புக் கூறினார்கள். பரங்கிப்பேட்டையில் எடுத்த ஒரு கணக்கு ஆம்ஸ்டர்டாமிலும் குவாமிலும் ஒருவர் பின் ஒருவராகக் கையாளப்பட்டு, ஒரே பத்திரிகையின் பக்கங்களில், பெயர் வெளிப்படையாக, காரணங்கள் வெளிப்படையாக, விவாதிக்கப்பட்டது. இந்த விவாதத்தில் வென்றவர் யார் என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 18 குப்பங்களின் விவரம் அந்தக் கேள்வியைத் தீர்க்கும் அளவுக்குப் போதாது. உயரமும் தூரமும் முதன்மையானவை என்பதை இரு தரப்பும் ஒப்புகின்றன. காட்டின் பங்கு இவ்வளவென்று அந்த அட்டவணையிலிருந்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இதை நான் இவ்வளவு துணிவோடு எழுதுவதற்கும் காரணம் அந்த அட்டவணை அச்சில் இருப்பதே. குறை காணப்பட்டதனால் முதற் கட்டுரையின் ஆசிரியர்களுக்கு மதிப்புக் குறைந்துவிட்டதென்று யாரேனும் நினைத்தால், அவர்கள் விஞ்ஞானம் நடக்கும் முறையையே அறியாதவர்கள். குறை காணக்கூடியபடி எழுதுவதற்கு நேர்மையும் தைரியமும் வேண்டும்.

இது ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்குள் நடத்திய வாக்குவாதம், நமக்கென்ன என்று விட்டுவிடவும் கூடாது. அலைக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரை நெடுகிலும் சவுக்குத் தோப்புகள் உயிர்வேலியாக நடப்பட்டன. எந்தக் குப்பத்தை எங்கே மாற்றுவது என்ற பிரச்னை ஆட்சியர் அலுவலகங்களில் ஆண்டுக் கணக்காக ஆராயப்பட்டது. வலையும் படகும் கரையில் கிடக்க, குடியிருப்பு மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டால் மீனவன் பிழைப்பு என்ன ஆகும் என்பது கடலை அறிந்த எவருக்கும் தெரியும். மரவேலி இருக்கிறது என்ற நம்பிக்கையில் தாழ்வான மணலிலேயே ஒரு குப்பம் தங்கிவிடுமானால், அந்த நம்பிக்கை பிழையாகிறபோது அதற்கு விலை கொடுப்பவர்கள் கட்டுரையை எழுதியவர்களும் அல்லர், வெளியிட்டவர்களும் அல்லர். மனித உயிர் சம்பந்தப்பட்ட ஒரு முடிவு எந்த எண்களின்மேல் நிற்கிறது என்பதைக் கேட்கும் உரிமை, அந்த முடிவின்கீழ் வாழ வேண்டியவர்களுக்கு முதலில் உண்டு.

கணக்கைப் பகிரங்கமாக வைக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதியதென்று நினைக்க வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் அளித்த பொன்னும் மணியும் இன்னின்ன என்று கல்லில் வெட்டியவர்கள், நிறையைக் குறித்ததோடு நில்லாமல், பொன்னை எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்பதையும் வெட்டிவைத்தார்கள். ‘ஆடவல்லான்’ என்று அந்தக் கல்லுக்குப் பெயர். அளவும் அளவுகோலும் சேர்ந்தே சுவரில் நின்றமையால், பின்னொரு நாள் ஐயம் எழுந்தாலும், அதே கல்லைக் கொண்டுவந்து அதே பொன்னை நிறுத்துப் பார்க்கலாம். இன்றைய ஆராய்ச்சியில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்த எடைக்கல்லின் பெயர்தான்: எந்தக் கருவியால் அளந்தது, எந்த விதியால் சிலவற்றைச் சேர்த்து சிலவற்றை நீக்கியது, கணிப்பொறிக்கு எத்தகைய கட்டளைகள் தரப்பட்டன என்பவை எழுதப்படாமலே போய்விடுகின்றன.

கடலூருக்கு மேற்கே, நாலைந்து மைலில் உள்ள திருவந்திபுரம், தேவநாதசுவாமி கோயிலாலும் அதன் எதிரேயுள்ள ஔஷதகிரிக் குன்றாலும் யாவரும் அறிந்த ஸ்தலம். பூமியின் உருவத்தை அளந்த சரித்திரத்திலும் அதற்கு ஓர் இடம் உண்டென்பதை அறிந்தவர் சிலரே. வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, 1802ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். வெயிலில் சங்கிலி நீளுமாகையால், அதை நிழலிட்டு மூடி, பக்கத்தில் உஷ்ணமானிகளை வைத்து, வெப்பத்தைக் குறித்துக்கொண்டே அளந்தார். அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கோணங்களை எடுத்துக்கொண்டு கரையோரமாகத் தெற்கே வந்தவர், வடக்கே பாத்ரி என்று அவர் குறிக்கும் நிலையத்தையும் தெற்கே திருவந்திபுரத்தையும் எல்லைகளாகக் கொண்ட ஒரு வில்லை அளந்து முடித்தார். நட்சத்திரங்களை நோக்கி அவர் கணித்த அட்சரேகைகள், திருவந்திபுரத்துக்கு 11 பாகை 44 கலை 53 விகலை, பாத்ரிக்கு 13 பாகை 19 கலை 49 விகலை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஆறடிக் கணக்கில் 95,721. அதாவது ஏறக்குறைய 109 மைல்.

வாசகர் விரும்பினால் இங்கேயே ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு அட்சரேகைகளின் வித்தியாசம், மேலே விட்டுவிட்ட விகலைப் பின்னங்களையும் சேர்த்தால், 1 பாகை 34 கலை 56 விகலைக்குச் சற்று அதிகம், தசமத்தில் 1.5823 பாகை. 95,721ஐ அதனால் வகுத்தால், ஒரு பாகையின் நீளம் ஆறடிக் கணக்கில் 60,494 அல்லது அதற்கு ஓரிரு எண்கள் முன்பின்னாக வரும். லாம்டன் அச்சிட்டதும் 60,494தான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒருவரின் கணக்கை, அவரிடம் ஒரு வார்த்தை கேளாமல், திண்ணையில் உட்கார்ந்தபடியே நாம் சரிபார்க்க முடிகிறது. அவர் தம் முக்கோணங்களின் கோணங்களையும் பக்கங்களையும் நட்சத்திரக் கணிப்புகளையும் கல்கத்தாவிலிருந்து வெளியான ‘ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்’ தொகுதியில் பக்கம் பக்கமாக அச்சிட்டார். அதோடும் திருப்தியடையாமல், முக்கோணங்கள் மேற்கே பெங்களூரை எட்டியதும் 1804இல் அங்கே புதிதாக இன்னோர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கச் செய்தார். கோணங்களின் வழியே கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் தரையில் அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் 3.7 அங்குலமே இருந்தது. தன் கணக்கைத் தானே மடக்கிக் கேட்கும் இந்த மனோபாவத்தை நம் காலத்து இந்தியாவில் ஒரு முறையாகவே வகுத்துக் கொடுத்தவர் புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ். அவர் வங்காளத்துச் சணல் வயல்களை மதிப்பிட்டபோது, ஒரே பிரதேசத்துக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பி, ஒன்றையொன்று அறியாமல் எடுத்த இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்டு, எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அந்த வித்தியாசத்திலிருந்தே அறிந்தார்.

இப்படிப்பட்ட முன்னோடிகள் இருந்தும், இருபத்தோராம் நூற்றாண்டின் விஞ்ஞானம் இந்த விஷயத்தில் பெரிய சங்கடத்துக்குள்ளாயிற்று. பரங்கிப்பேட்டைக் கட்டுரை வந்த அதே 2005ஆம் ஆண்டில், ஜான் அயோனிடிஸ் என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளர், பிரசுரமாகும் ஆராய்ச்சி முடிவுகளில் பெரும்பாலானவை பிழையானவையாகவே இருக்க வேண்டும் என்று கணிதவழியாக வாதித்து ஒரு கட்டுரை எழுதினார். பலர் அதை மிகை என்றார்கள். ஆனால் 2015இல், மனவியல் ஆய்வாளர்கள் பலர் ஒன்றுசேர்ந்து, பேர்பெற்ற பத்திரிகைகளில் வந்திருந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூலக் கட்டுரைகளில் நூற்றுக்கு 97 உறுதியான பலன் கண்டதாகச் சொல்லியிருக்க, மறுமுறையில் நூற்றுக்கு 36 மட்டுமே அவ்வாறு பலன் காட்டின. பெரும்பாலும் அங்கே மோசடி இல்லை. எதிர்பார்த்த பலன் வந்தால் பத்திரிகை ஏற்கும், வராவிட்டால் ஏற்காது. ஏற்காத கட்டுரைக்குப் பதவியும் பட்டமும் இல்லை. ஆகையால் பலன் வராத பரிசோதனை அலமாரியில் தூங்குகிறது, பலன் வரும்வரை கணக்கு பல விதமாகப் புரட்டப்படுகிறது. நேர்மையானவர்களும் தம்மை அறியாமலே இதில் சிக்குகிறார்கள். விவரங்களைத் திரட்டுமுன்பே, எதைக் கேட்கப் போகிறேன், எப்படிக் கணக்கிடப் போகிறேன் என்று எழுதி ஒரு பொதுப் பதிவேட்டில் தேதியோடு ஒப்படைத்துவிடும் வழக்கம் இதற்கு மாற்றாக வந்தது. மருந்துப் பரிசோதனைகளுக்கு அத்தகைய பதிவேடு 2007இல் நம் நாட்டிலும் தொடங்கப்பட்டு, 2009 முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. மற்றத் துறைகளுக்கும் அது பரவ வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மறைவுக்கு இன்னொரு காரணம் பணம். பொதுமக்களின் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி, வெளிநாட்டுப் பதிப்பகத்தின் பத்திரிகையில் வெளிவந்து, அதை வாங்கும் சக்தியற்ற கல்லூரிகளுக்கு எட்டாமற் போவது நெடுங்கால அநீதி. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடு தொடர்புகொண்டு உழைத்த சுப்பையா அருணாசலம், நம் விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளை எல்லோரும் படிக்கும் திறந்த களஞ்சியங்களில் வைக்க வேண்டுமென்று, கேட்பார் அதிகம் இல்லாத காலத்திலேயே, இடைவிடாமல் வற்புறுத்தி வந்தார். மத்திய அரசின் விஞ்ஞானத் துறையும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும், தம் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் கட்டுரைகள் அவ்வாறு வைக்கப்பட வேண்டுமென்று 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கொள்கை வகுத்தன. 2024 நவம்பரில், அரசுக் கல்வி நிலையங்கள் அனைத்துக்குமாகப் பத்திரிகைச் சந்தாவை மொத்தமாகச் செலுத்துவதற்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கும் திட்டத்தை மத்திய அமைச்சரவை ஏற்றது. சிதம்பரத்து மாணவனுக்கு இது பெரிய உபகாரம் என்பதை மறுப்பதற்கில்லை. என்றாலும், கதவு ஒரு சாராருக்கே திறக்கிறது. கிள்ளையிலோ தேவனாம்பட்டினத்திலோ படித்துவிட்டு ஊரில் இருக்கும் ஓர் இளைஞன், தன் ஊரைப் பற்றிய கட்டுரையைப் படிக்க விரும்பினால், அவனுக்கு எந்த நிறுவனத்தின் அடையாளச் சீட்டும் கிடையாது. அதுவன்றி, கட்டுரையைப் படிக்கக் கொடுப்பது ஒன்று. அதன் அடியிலுள்ள விவரங்களைக் கொடுப்பது வேறொன்று. பின்னதற்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

பகிரங்க விவாதம் அடுத்து வருபவர்களை எப்படித் திருத்துகிறது என்பதற்கு ஒரிசாவில் ஓர் உதாரணம் கிடைத்தது. 1999ஆம் ஆண்டின் பெரும்புயலில் கேந்திரபாரா மாவட்டத்தில் நேர்ந்த மரணங்களைச் சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்ட்டும் ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள். கடலிலிருந்து தூரம் முதலாக மரணத்தைக் கூட்டக்கூடிய, குறைக்கக்கூடிய பல காரணங்களையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொண்டு பார்த்தபோதும், அலையாத்திக் காடு அகலமாக இருந்த கிராமங்களில் மரணம் குறைவாகவே இருந்ததென்று கண்டார்கள். ஆயினும் எச்சரிக்கை கிடைத்து ஜனங்கள் முன்னதாக அகற்றப்பட்டதே அதைவிட அதிக உயிர்களைக் காத்தது என்பதையும் மறைக்காமல் கூறினார்கள். பரங்கிப்பேட்டைக் கணக்கில் பேர்ட் முதலியோர் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு அங்கே பெரும்பாலும் முன்பே பதில் இருந்தது. அவர்கள் அதையும் விட்டுவிடாமல் ஆட்சேபித்தார்கள், அவர்களுக்குப் பதிலும் வந்தது. புயலலைக்கும் ஆழிப்பேரலைக்கும் இயல்பு வேறாகையால் ஒரிசாவின் முடிவை அப்படியே கடலூருக்குக் கொண்டுவர முடியாது; ஆனால் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதைக் கொண்டுவரலாம்.

இந்த மாவட்டத்தில் செய்ய வேண்டியதும் அதுவே. ஒவ்வொரு கரையோர ஊராட்சியிலும், அந்த ஊரின் உயரம், கடலிலிருந்து அதன் தூரம், 2004இல் தண்ணீர் ஏறிய எல்லை, ஓடிச் சேர வேண்டிய மேட்டு நிலம் ஆகியவற்றைத் தமிழில், எந்தக் கருவியால் எந்த நாளில் யார் அளந்தது என்ற குறிப்போடு, எவரும் படித்துப் பார்த்து, தவறென்று பட்டால் ஆட்சேபிக்கும்படி எழுதி வைக்கலாம். அதே விவரங்களைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் விலையின்றி எடுத்துக்கொள்ளும்படி வைப்பதற்கும் பெரிய செலவு ஆகப்போவதில்லை. ஆனால் ஒருமுறை அளந்து எழுதிவிட்டு ஓய்ந்துவிடவும் முடியாது. முகத்துவாரத்து மணல்திட்டுகள் ஒவ்வொரு வடகிழக்குப் பருவத்திலும் இடம் மாறுகின்றன. 2011 டிசம்பர் 30ஆம் நாள் அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய ‘தானே’ புயலுக்குப் பிறகு, இந்தக் கரையில் மரம் நின்ற இடமும் மணல் நின்ற இடமும் முன்போல் இல்லை. 2005இல் எடுத்த உயரங்களையும் தாவரப் பரப்பையும் வைத்துக்கொண்டு இன்றைய குப்பங்களைப் பற்றிப் பேச முடியாதாகையால், வெள்ளாற்றிலிருந்து கொள்ளிடம் வரையில் மட்டக்கோலையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு, பெயர்பெயராக ஒவ்வொரு குப்பத்திலும் மறுபடி அளக்கவேண்டியிருக்கிறது.